வெங்காயமும் ரோஸ்மேரியும் சேர்த்த உருளைக்கிழங்கு மசியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கும் சொந்தக்காரர்கள் இந்த மசியலைச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் செய்து பார்த்து, போனில் கேட்கிற கேள்விகள்தான் இவை. கோவையிலிருந்து கூப்பிட்டாலும் மதுரையிலிருந்து கூப்பிட்டாலும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "பசை மாதிரி ஆயிடுச்சு." அந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

பொடிமாஸ் இருக்கிறது, சேனை மசியல் இருக்கிறது. இது என்ன தனியாக?

பொடிமாஸில் கிழங்கு உதிரியாக இருக்க வேண்டும். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கடைசியில் எலுமிச்சைச் சாறு என்று அதன் ருசி தாளிப்பில் இருக்கிறது. சேனை மசியலுக்குப் பருப்பும் புளிப்பும் வேண்டும். இந்த மசியலில் தாளிப்பு கிடையாது. வெந்த கிழங்கை வெண்ணெயும் சூடான பாலும் விட்டு மசித்து, மெதுவாக வதக்கிய வெங்காயமும் வாசனைத் தழையும் கலக்கிறோம். கரண்டியில் எடுத்து வைத்தால் குவியலாக நிற்க வேண்டும், வாயில் வைத்தால் கரைய வேண்டும்.

ஐரோப்பிய வீடுகளில் வறுத்த இறைச்சிக்குப் பக்கத்தில் வைக்கிற பண்டம் இது. அயர்லாந்தில் வெங்காயத்தாளைப் பாலில் போட்டுக் காய்ச்சி, அந்தப் பாலை விட்டு மசிப்பார்கள். அதற்கு 'சாம்ப்' என்று பெயர். முட்டைக்கோஸோ கேல் கீரையோ சேர்த்தால் 'கோல்கேனன்'. நான் செய்வது சாம்ப்புக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மலைக்கு உருளைக்கிழங்கே அப்படி வந்ததுதான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் ஊட்டியில் குடியேறி, தன் நாட்டுக் காய்களை இங்கே விதைத்துப் பார்த்தார். இன்றும் மார்க்கெட்டில் கேரட், பீட்ரூட், உருளை எல்லாவற்றையும் சேர்த்து 'இங்கிலீஷ் காய்' என்றுதான் சொல்கிறோம்.

ஆறு பேருக்கு என்ன அளவு?

உருளைக்கிழங்கு 1 கிலோ, வெண்ணெய் 100 கிராம், பால் 200 மில்லி, பெரிய வெங்காயம் 2, வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, பொடியாக நறுக்கிய ரோஸ்மேரி 1 தேக்கரண்டி, தைம் இலை 2 தேக்கரண்டி, உப்பு, புதிதாகப் பொடித்த மிளகு. பால் மட்டும் கிழங்கைப் பொறுத்துக் கூடும், குறையும். அதனால் முழுவதையும் ஒரேயடியாக ஊற்றாதீர்கள்.

எந்த உருளைக்கிழங்கு மசிக்க நன்றாக இருக்கும்?

மாவுத்தன்மை உள்ள கிழங்கு. வெந்ததும் தோல் வெடித்து, தொட்டால் பொலபொலவென்று உதிரும் ரகம். வெட்டினால் ஈரமாக மினுங்கி, எவ்வளவு வேகவைத்தாலும் துண்டு துண்டாக நிற்கிற கிழங்கு குருமாவுக்கு நல்லது, இதற்கு ஆகாது.

கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். ஒரு சோதனை இருக்கிறது. ஒரு சின்னக் கப் உப்பை அதே கப்பால் பதினொரு கப் தண்ணீரில் கரைத்து, கிழங்கை உள்ளே போடுங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு. மிதந்தால் நீர்க் கிழங்கு. மாவுச்சத்து அதிகமாக இருந்தால் கிழங்கு கனமாக இருக்கும் என்பதுதான் இதற்குக் காரணம். நான் புது மூட்டை வாங்கினால் இரண்டு கிழங்கையாவது இப்படிப் போட்டுப் பார்த்துவிடுவேன்.

இன்னொன்று, அன்றைக்குத் தோண்டிய கிழங்கு வேண்டாம். விரலால் தேய்த்தாலே தோல் உரிகிற புதுக் கிழங்கில் நீர் அதிகம். ஒருமுறை மார்க்கெட்டில் கேட்டேன், "அண்ணா, இது மசிக்க ஆகுமா?" கடைக்காரர் கையிலிருந்ததை வாங்கிக் கூடையில் திரும்பப் போட்டுவிட்டு, "மசிக்கறதுன்னா ரெண்டு வாரம் ஆன கிழங்கு எடுத்துக்கங்க அக்கா, இது வறுவலுக்குக்கூட ஆகாது, முழுசா அவிச்சுத் தின்னத்தான்" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை.

எங்கள் ஊரில் 'ஊட்டி உருளை' என்று விற்பது ஊட்டியில் விளைந்ததுதானா?

எல்லாமே அப்படி இல்லை. மேட்டுப்பாளையம் மண்டிக்கு நீலகிரிக் கிழங்கும் வரும், கோலார், குஜராத் கிழங்கும் வரும். மலைக் கிழங்கு செம்மண் ஒட்டிக்கொண்டு, மற்றதைவிட விலை கூடுதலாக இருக்கும். மண்ணைக் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். செம்மண் மட்டுமே அடையாளம் என்றும் நம்பிவிடாதீர்கள். ஏமாற்ற நினைப்பவருக்கு மண்ணுக்கா பஞ்சம்? பழகிய கடையில் கேட்டு வாங்குவதுதான் வழி.

இந்தக் கிழங்கு அருமையாகிப் போனதற்குப் பின்னால் ஒரு கஷ்டமும் இருக்கிறது. 1961-ல் நீலகிரியில் தங்க நூற்புழு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத புழு வேரைத் தாக்கும். அதன் முட்டைகள் ஒரு கூட்டுக்குள் பத்திரமாக மண்ணில் பல வருடம் கிடக்கும். அடுத்து உருளை போட்டால் மறுபடி கிளம்பும். கொடைக்கானல் பக்கமும் இது உண்டு. அதனால் ஒரே நிலத்தில் தொடர்ந்து உருளை போடாமல், இடையில் கேரட், முட்டைக்கோஸ், பூண்டு என்று மாற்றுகிறார்கள். இந்த மலைக் கிழங்கை விதைக்காக வெளியே கொண்டுபோகவும் தடை இருக்கிறது. முத்தோரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றியுள்ளவர்களுக்கு 'குஃப்ரி ஸ்வர்ணா' என்ற பெயர் பழக்கம். இந்தப் புழுவைத் தாங்கி வளர்வதற்கென்றே வந்த ரகம் அது. 'குஃப்ரி ஜோதி' அதற்கும் முன்னாலிருந்து இங்கே உண்டு. சாப்பிடுகிறவர்களுக்குப் புழுவால் ஒரு கெடுதலும் கிடையாது. பாடு முழுவதும் விளைவிக்கிறவர்களுக்குத்தான். கேத்திப் பள்ளத்தாக்கில் மழையில் நனைந்துகொண்டே கிழங்கு தோண்டுகிறவர்களைப் பார்த்தால், கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுக்க மனம் கணக்குப் பார்க்காது.

ஏன் பசை மாதிரி ஆகிறது?

கிழங்குக்குள் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் மாவுச்சத்து. வேகும்போது அந்த மாவு தண்ணீரை இழுத்து உப்பிக்கொள்ளும். மென்மையாக மசித்தால் அறைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், மாவு உள்ளேயே இருக்கும். வேகமாக அடித்தால் அறை கிழிந்து மாவு வெளியே வழிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுவரொட்டி ஒட்டுகிற பசை எப்படி ஆகிறதோ அதேதான் இது.

ஆகையால் மிக்ஸி வேண்டவே வேண்டாம். கல்யாணமான புதிதில் நானும் மிக்ஸியில்தான் போட்டேன். ஒரே சுற்று. ஜாரைக் கவிழ்த்தால் விழவில்லை. நல்ல வெண்ணெய், தோட்டத்துக் கிழங்கு எல்லாம் வீணாகப் போனதில் அன்றைக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு நாலு விஷயம் விடாமல் செய்கிறேன்.

வெட்டிய துண்டுகளை இரண்டு முறை அலசுவேன். வெட்டுப்பட்ட இடத்தில் வழிந்திருக்கும் மாவு போய்விடும். அப்புறம் பச்சைத் தண்ணீரில் போட்டு, உப்புச் சேர்த்து, மிதமான தீயில் கொதிக்க விடுவேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் குழைந்து நடுவில் விறைப்பாக இருக்கும். அந்த நடுப்பகுதியை மசிக்கத்தான் நாம் கூடுதலாக அடிப்போம்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், பெரும்பாலும் எல்லோரும் விட்டுவிடுவதும் அதைத்தான். தண்ணீரை வடித்ததும் கிழங்கைத் திரும்ப அதே சூடான பாத்திரத்தில் போட்டு, மிகச் சிறு தீயில் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். ஆவி புகைபோலக் கிளம்பி அடங்கும். துண்டுகளின் ஓரம் வெள்ளையாக, மாவு பூத்த மாதிரி ஆகும். அப்போதுதான் வெண்ணெயும் பாலும் உள்ளே போக இடம் கிடைக்கும். ஈரத்தோடு மசித்தால் எவ்வளவு வெண்ணெய் போட்டாலும் தண்ணீர் ருசிதான் வரும்.

நாலாவது, முதலில் வெண்ணெய், பிறகு பால். வெண்ணெய் மாவின் மேல் பூச்சாகப் படிந்தால் பால் சேரும்போது அது அவ்வளவாகப் பசையாகாது. பால் சூடாக இருக்கட்டும். பிரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றினால் மசியல் இறுகிவிடும்.

மிக்ஸி இல்லாமல் எதில் மசிப்பது? வெளிநாட்டு மசிப்பான் வாங்க வேண்டுமா?

வேண்டாம். பருப்பு மத்து போதும். நேராக மேலிருந்து கீழே அழுத்துங்கள், உருட்டிக் கடைய வேண்டாம்.

அதைவிட நல்லது முறுக்கு, சந்தகை பிழிகிற நாழி. காராச்சேவு தட்டைப் போட்டு, கிழங்கு சூடாக இருக்கும்போதே பிழிந்தால் புழுப் புழுவாக, ஒரு கட்டி இல்லாமல் விழும். ரைசர் என்று கடையில் விலைகூட விற்கிற சாமானும் இதே வேலையைத்தான் செய்கிறது. இடியாப்பத் தட்டின் துளை ரொம்பச் சின்னது, கை வலித்துவிடும்.

நீங்கள் சொன்ன நேரத்தில் இங்கே ஊரில் குழைந்து போகிறது. மலையில் மட்டும் ஏன் வேக நேரம் ஆகிறது?

உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. கொடைக்கானலிலும் ஏறக்குறைய அதேதான். குன்னூரில் ஒரு டிகிரி கூட இருக்கும். தீயை எவ்வளவு ஏற்றினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். மாவுச்சத்து 70 டிகிரிக்குள்ளேயே வெந்துவிடும். ஆனால் அறைகளை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் இளகுவதற்கு நல்ல சூடு வேண்டும். அங்கேதான் தாமதம். பெரிய நெல்லிக்காய் அளவுத் துண்டுகள் கீழே 15 நிமிடத்தில் வெந்தால் எங்கள் வீட்டில் 25 நிமிடம் ஆகும். கடிகாரத்தைப் பார்க்காமல் கத்தியால் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் போதும், ஊர் எதுவானாலும்.

வேகும்போது புளிப்பு எதுவும் சேர்க்காதீர்கள். மோரோ எலுமிச்சையோ விழுந்தால் கிழங்கு விறைத்துக்கொள்ளும்.

குக்கரில் வைக்கலாமா?

தாராளமாக. தோலோடு முழுக் கிழங்காக, தண்ணீரில் மூழ்காமல் தட்டின் மேல் வைத்து ஆவியில் வேகட்டும். கீழே மூன்று விசில் என்றால் இங்கே நாலு. குக்கருக்குள்ளும் மலையில் சில டிகிரி குறைவுதான்.

சின்ன வெங்காயமா, பெரிய வெங்காயமா?

இரண்டுக்கும் வேறு வேறு வேலை. பெரிய வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, 100 கிராம் வெண்ணெயில் கால் பங்கை எடுத்து அதில் போட்டு, ஒரு சிட்டிகை உப்போடு சிறு தீயில் 25 நிமிடம் வதக்குங்கள். அவசரப்படக் கூடாது. முதலில் கண்ணாடி மாதிரி ஆகும், பிறகு மஞ்சள், அப்புறம் தேன் நிறம். பாத்திரத்தின் அடியில் ஒட்டுகிற பழுப்பை ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டி வெங்காயத்தோடு சேருங்கள். ருசி அதில்தான் இருக்கிறது. சர்க்கரை போட்டு நிறம் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. நேரம் கொடுத்தால் வெங்காயமே இனிக்கும்.

சின்ன வெங்காயம் மலையில் அதிகம் விளையாது, திண்டுக்கல், பல்லடம் பக்கமிருந்து ஏறி வருகிறது. அதைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் நெய்யில் மொறுமொறுப்பாக வறுத்து மேலே தூவுவேன். கீழே மெத்தென்று, மேலே மொறுமொறு. வீட்டில் பிள்ளைகள் முதலில் மேல்பகுதியைத்தான் காலி செய்வார்கள்.

வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியைப் பாலில் போட்டு லேசாகச் சூடாக்கி, மூடி வைத்து, பத்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். பச்சைப் பகுதியைக் கடைசியில் அப்படியே நறுக்கிக் கலக்கலாம்.

ரோஸ்மேரி, தைம் எல்லாம் எப்போது சேர்ப்பது? காய்ந்ததைப் போடலாமா?

குச்சியும் கெட்டி இலையும் உள்ள தழைகள், அதாவது ரோஸ்மேரி, தைம், சேஜ், கொழுப்பில்தான் வாசனை விடும். வெங்காயம் வதங்கி முடிகிற கடைசி இரண்டு நிமிடத்தில் போடுங்கள். முன்பே போட்டால் கசக்கும். மெத்தென்ற தழைகள், பார்ஸ்லி, சைவ்ஸ், வெங்காயத்தாள், அடுப்பை அணைத்த பிறகு. சூடு பட்டால் பச்சை வாசனை ஓடிவிடும்.

காய்ந்தது என்றால் அளவில் மூன்றில் ஒரு பங்கு. ரோஸ்மேரி இலை ஊசி மாதிரி இருக்கும், மிகப் பொடியாக நறுக்காவிட்டால் தொண்டையில் குத்தும். அதுவும் கை மிஞ்சினால் மசியல் தைல வாசனை அடிக்கும், கவனம்.

எங்கள் ஊரில் இந்தத் தழைகள் கிடைக்காது. பதிலுக்கு என்ன?

ஓமவல்லி இருக்கிறதே. தைமுக்கு அந்த வாசனையைக் கொடுக்கும் தைமால்தான் ஓமத்திலும் இருக்கிறது, ஓமவல்லி இலைக்கும் அதே சாயல்தான். தொட்டியிலிருந்து மூன்று இலையைக் கிள்ளி, பொடியாக நறுக்கி வெண்ணெயில் வதக்கினால் போதும். கொத்தமல்லி போட்டால் பொடிமாஸ் பக்கம் சாய்ந்துவிடும். புதினா வேண்டாம்.

பூண்டு?

போடலாம், கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் கட்டாயம் போடுங்கள். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைகிற அந்தப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் மணமும் அதிகம், ஆறு பல் போட நினைத்தால் மூன்றே போதும். தோலோடு கிழங்கு வேகும் தண்ணீரிலேயே போட்டுவிட்டு, வெந்ததும் பிதுக்கி எடுத்துக் கிழங்கோடு சேர்த்து மசியுங்கள். பச்சைப் பூண்டை அரைத்துச் சேர்த்தால் வெங்காயத்தின் இனிப்பு அடங்கிப் போகும்.

கிழங்கு இனிக்கிறது. ஏன்?

குளிர். ஏழெட்டு டிகிரிக்குக் கீழே வைத்தால் கிழங்கிலுள்ள மாவு சர்க்கரையாக மாறும். குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்த கிழங்கு அப்படித்தான் இனிக்கிறது, பிரிட்ஜில் வைத்ததும் அப்படியே. இங்கே டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற ராத்திரிகளில் வெளிக்கொட்டகையில் கிடந்த கிழங்குக்கும் இது நடக்கும். அடுப்படியில், வெளிச்சம் படாத மூலையில் சாக்கு மூடி ஒன்றிரண்டு வாரம் வைத்துப் பாருங்கள், இனிப்பு பெருமளவு குறையும். வெங்காயத்தோடு ஒரே கூடையில் மட்டும் வைக்காதீர்கள், இரண்டும் சீக்கிரம் கெடும்.

பச்சையாக இருக்கும் கிழங்கு?

சமைக்காதீர்கள். வெயில் பட்டுப் பச்சையான இடத்தில் சோலனைன் என்ற நஞ்சு கூடியிருக்கும், வேகவைத்தாலும் அது போகாது. சின்னத் திட்டு என்றால் ஆழமாகச் சீவி எறியலாம். கசந்தால் முழுவதையும் எறிந்துவிடுங்கள்.

எதற்குத் தொட்டுக்கொள்வது?

வறுத்த கோழிக்கும் மிளகு போட்ட ஆட்டுக்கறிக்கும் இது பொருந்தும் என்பது தெரிந்ததே. எனக்குப் பிடித்தது வேறு. மழை பிடித்துக்கொண்ட ஜூலை ராத்திரியில், சூடான மிளகு ரசம் சாதத்துக்கு இந்த மசியல். ரசத்தின் காரத்துக்கு வெண்ணெய் மணக்கிற கிழங்கு ஒரு வாய். ஒருமுறை சாப்பிட்டுவிட்டு என் மாமியார், "இதுக்குப் போயா இங்கிலீஷ்காரன் பேரு வச்சிருக்காங்க?" என்று கேட்டார். சப்பாத்தி, பீன்ஸ் பொரியலுக்கும் நன்றாக இருக்கும். தயிர் சாதத்துக்கு ஒட்டாது, அதற்குக் காரமாக ஏதாவது வேண்டும்.

பால், வெண்ணெய் சேர்க்காதவர்களுக்கு?

நல்லெண்ணெய் வேண்டாம், மணம் அடித்துவிடும். கடலை எண்ணெயும் கெட்டித் தேங்காய்ப்பாலும், வறுத்த சின்ன வெங்காயமும் போட்டால் தனி ருசி. ரோஸ்மேரியை விட்டுவிட்டுக் கறிவேப்பிலையை வறுத்து நொறுக்கிப் போடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

மசித்த கிழங்கு ரத்தத்தில் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். எங்கள் வீட்டில் பெரியவருக்கு இரண்டு கரண்டி, அதுவும் சாதத்தைக் குறைத்துக்கொண்டு, பக்கத்தில் அவரைக்காய் நிறைய. உங்கள் டாக்டர் சொல்கிற அளவுதான் கணக்கு.

ஐம்பது பேருக்குச் செய்ய வேண்டும்.

8 கிலோ கிழங்கு எடுங்கள். ஒரே அண்டாவில் மசிக்காதீர்கள், இரண்டிரண்டு கிலோவாகச் செய்து சேருங்கள். பரிமாறும் வரை நேரடித் தீயில் வைத்தால் அடிப்பிடிக்கும். கொதிநீர் உள்ள அகலமான பாத்திரத்தின் மேல் மசியல் பாத்திரத்தை வைத்து, ஈரத்துணி சுற்றிய மூடியால் மூடுங்கள். ஒரு மணி நேரம் மெத்தென்று இருக்கும். வறுத்த வெங்காயத்தை இலையில் வைக்கும்போதுதான் தூவ வேண்டும்.

மிஞ்சினால்?

ஆறியதும் பிரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாள் தாங்கும். சூடாக்கும்போது கொஞ்சம் பால் தெளித்துக் கரண்டியால் மெதுவாகப் புரட்டினால் போதும். காலையில் என்றால் நான் சூடாக்குவதே இல்லை. கொஞ்சம் அரிசி மாவு, பச்சை மிளகாய் சேர்த்து வடை அளவுக்குத் தட்டி, தோசைக்கல்லில் இருபுறமும் சிவக்க விடுவேன். வெண்ணெய் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் எண்ணெய் அதிகம் கேட்காது.

ஊட்டியிலிருந்து ரோஸ்மேரிச் செடி கொண்டுபோனால் சமவெளியில் வளருமா?

வளரும், தண்ணீர் ஊற்றியே கொன்றுவிடாமல் இருந்தால். பூக்காத இளங்குச்சியாக ஒரு விரல் நீளம் வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு, பாதி மணல் கலந்த மண்ணில் நடுங்கள். அடியில் துளையுள்ள மண்தொட்டி நல்லது. மேல்மண் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். காலை வெயில் படட்டும், சித்திரை, வைகாசி மதிய வெயிலுக்கு மட்டும் நிழலில் நகர்த்திவிடுங்கள். கோவையில் என் அக்கா வீட்டு மாடியில் அப்படி ஒரு செடி முழங்கால் உயரம் வந்திருக்கிறது. அவள் இப்போதெல்லாம் என்னிடம் தழை கேட்பதில்லை, கிழங்கு மட்டும் அனுப்பச் சொல்கிறாள்.